வெறும் ஓட்டம்

வானொலி நிலையத்தின் நிலவறையில் உட்கார்ந்து, பாட்டில் பாட்டல்லாததை எடுத்துக் கீழே போடுவது அவள் உத்தியோகம். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஆனால் அரிசி விஷயத்தில் எது கல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இங்கே அதையும் அவள்தான் முடிவு செய்யவேண்டும். மேல்மாடிக்காரர்கள் அவளுக்கு ‘வடிகட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவளும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்த்தாள்.

நிலையத்து வண்டி ஒரு காலத்தில் நாடெல்லாம் சுற்றிப் பாட்டுப் பிடித்து வந்தது. வயலில் பாடுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், பிள்ளையைத் தூங்கவைக்கிறவர்கள், பிணத்தருகே அழுகிறவர்கள் என்று யாரையும் விடவில்லை. அந்த டேப்புகளைக் கணினிக்கு மாற்றி, இரைச்சலை நீக்கி, சுத்தமாக்கிக் கொடுப்பது வடிகட்டியின் பொறுப்பு. பழைய பதிவாளர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பாட்டு தொடங்குமுன் எல்லாரையும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, டேப்பைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுவார்கள். நிலையத்து மொழியில் அதற்கு ‘வெறும் ஓட்டம்’ என்று பெயர். அந்தத் துண்டைத் தொட்டு, “இதுதான் இரைச்சல்” என்று அவள் கணினிக்குக் காட்டிக்கொடுப்பாள். ஒருவனைக் காட்டிக்கொடுத்தால் அவன் சொந்தபந்தம் அத்தனையையும் தேடிப் பிடிக்கும் காவலரைப் போல, பாட்டு முழுவதும் துழாவி அந்த ஜாடை உள்ள எல்லாவற்றையும் கணினி அப்புறப்படுத்திவிடும்.

ஒரு காலகட்டத்து டேப்புகளில் மட்டும் வெறும் ஓட்டத்தின் அடியில் ஒரு உறுமல் கிடந்தது. தணிந்த, கனத்த உறுமல். வண்டியில் இருந்த ஜெனரேட்டர் என்று அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருந்தார். அவருக்கு வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வருஷங்களின் டேப்புகளுக்கே அவள் ‘ஜெனரேட்டர் வருஷங்கள்’ என்று பெயர் வைத்திருந்தாள். உறுமலைக் காட்டிக்கொடுத்து, கழுவி, பளிச்சென்று மேலே அனுப்புவாள். ‘தூய மரபு’ என்று அடைமொழி சேர்த்து ஒலிபரப்புவார்கள். கேட்டவர்கள், நம் முன்னோர்கள்தான் எவ்வளவு சாந்தமான ஜனங்கள் என்று நெகிழ்ந்துபோனார்கள். கழுவி முடித்த டேப்பை ஒரு காந்தப் பெட்டிக்குள் வைத்து எடுத்துவிட வேண்டும். உள்ளே போகும்போது பாட்டு இருக்கும், வெளியே வரும்போது இருக்காது. நிலையத்தின் விதி அது. பதினோரு வருஷமாக அவள் விதிக்குக் கட்டுப்பட்டவள்.

வீட்டில் நிலைமை தலைகீழ். அவள் தம்பி பகலில் லிஃப்ட் மெக்கானிக். மற்ற நேரத்தில் எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்கிற முரட்டு மேல்நாட்டு இசையில் பாடகன். பாடகன் என்ற சொல்லுக்கு அவள் அந்த வீட்டில் இன்னும் ஒப்புதல் தரவில்லை. நாலு பேர் சேர்ந்து பழைய கிடங்கு ஒன்றில் கிடாரையும் டிரம்ஸையும் போட்டு மொத்துவார்கள். நடுவில் இவன் நின்று, வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வெளியேறும் ஒரு உறுமலை உறுமுவான். வீட்டில் பயிற்சி குளியலறையில் நடக்கும், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை மாடியேறி வந்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார். “உங்க வீட்ல யாருக்காவது உடம்புக்கு முடியலையா?”

“இல்லைங்க, தம்பி பாடுறான்.”

“அப்ப டாக்டர்கிட்ட காட்டலையா?”

போன வருஷம் லிஃப்ட் குழிக்குள் ஸ்பானர் நழுவித் தம்பியின் முன்பல்லில் ஒரு மூலை சில்லாக உடைந்தது. அன்றிலிருந்து அவன் உறுமல் முடியும் இடத்தில் ஊசி போல ஒரு விசில் சேர்ந்துகொண்டது. பல்லைக் கட்டச் சொல்லி அக்கா கெஞ்சினாள். கூட்டாளிகள் நாலு பேரும் கட்டக்கூடாது என்று கும்பிட்டார்கள். கூட்டாளிகள் ஜெயித்தார்கள்.

இந்த வீட்டில் ஒரு விசித்திரம் உண்டு. அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. அப்பா போனதிலிருந்து அப்படி. “கண்ணை மூடினா கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி இருக்குடி,” என்பாள். மாத்திரை, கஷாயம், மந்திரம் எதுவும் பலிக்கவில்லை. ஆனால் குளியலறையில் மகன் உறுமத் தொடங்கினால், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும் நேரத்தில், அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கிவிடுவாள். பெற்ற பாசம் என்று அக்கம்பக்கம் சொன்னது. பாசத்துக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று வடிகட்டியும் நினைத்துக்கொண்டாள்.

அப்பா, பாட்டுப் பிடிக்கப் போன அந்த நிலையத்து வண்டியின் டிரைவர். அவர் இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பி கைக்குழந்தை. இருபத்தொரு வயது ஆனதும் வாரிசு வேலை என்று அவளுக்கு நிலவறையைக் கொடுத்தார்கள். அவர் இறந்த விதம் வீட்டில் ஆறாத புண். தலைமைப் பதிவாளர் வந்து அம்மாவின் முன் தலைகுனிந்து நின்று சொன்னது அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. “காலையிலேயே போயிட்டாரும்மா. சீட்ல சாஞ்சு தூங்குற மாதிரியே இருந்தாரு. பாடுறவங்க வந்துட்டாங்க, கூட்டம் கூடிருச்சு. போர்வையால மூடிட்டு, மத்தியானம் ஒரு பாட்டை மட்டும் முடிச்சிட்டுக் கிளம்பினோம்.” அம்மா அன்றோடு ரேடியோ கேட்பதை விட்டுவிட்டாள்.

நாட்டின் குரலையெல்லாம் பிடித்து வந்த வண்டியை ஓட்டியவரின் குரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. இருப்பது ஒரே ஒரு போட்டோ. வண்டியில் சாய்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். “அப்பா குரல் எப்படிக்கா இருந்துச்சு?” என்று தம்பி பேச்சு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். கரகரவென்று இருக்கும் என்று ஒருமுறை சொன்னாள். மெத்தென்று இருக்கும் என்று இன்னொருமுறை. அவன் எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்து, “ஒவ்வொரு தடவையும் வேற வேற அப்பாவைச் சொல்றியே,” என்று பிடித்துவிட்டான். அவளுக்கு அந்தக் குரல் மறந்துபோயிருந்தது. அதை அவனிடம் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. அவன் கேட்பதை நிறுத்தவுமில்லை.

இப்படி இருக்கையில்தான் நிலையத்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நிலவறைக்கு இறங்கி வந்தார். இசையில் பெரிய பட்டம் வாங்கியவர் என்பதால் அவரை ‘முனைவர்’ என்றே எல்லாரும் சொல்வார்கள்.

“மெட்டலுக்கும் நம்ம நாட்டு இசைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாதுன்னு நிரூபிக்கப் போறேம்மா.”

“நிரூபிக்க முடியலைன்னா, சார்?”

“ஒட்டும் உண்டு, உறவும் உண்டுன்னு நிரூபிச்சிட்டாப் போச்சு. எப்படியும் நிகழ்ச்சி ஒண்ணுதானே?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உன் தம்பி பாடினதுல ஒண்ணு வேணும். டேப்புகள்ல நாலஞ்சு வேணும். ரெண்டையும் கழுவாம குடு. ஒருத்தனைக் குளிப்பாட்டி உட்கார வச்சிட்டு, பக்கத்துல இருக்கிறவனை அழுக்கன்னு சொல்றது தர்மம் இல்லை.”

தம்பியிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “உங்க தாலாட்டுல தூங்கலைன்னா பூதம் வந்து தூக்கிட்டுப் போகும்னு பாடுறாங்க. எங்க பாட்டுல பூதம் வந்தே நிக்குது. அவ்வளவுதானேக்கா வித்தியாசம்? உங்காளுங்க வாக்குக் கொடுத்தாங்க, நாங்க நிறைவேத்துறோம்.” சொல்லிவிட்டு, வாத்தியம் எதுவுமில்லாமல் தான் தனியாக உறுமிய ஒன்றைக் கொடுத்தனுப்பினான்.

மறுநாள் காலை அவள் ஜெனரேட்டர் வருஷத்துத் தாலாட்டு ஒன்றை எடுத்தாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, வெறும் ஓட்டத்தைக் காட்டிக்கொடுக்காமல் கேட்டாள். இடது காதில் டேப், வலது காதில் தம்பி. ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டாள்.

தம்பி குட்டையாக மூன்று உறுமல் உறுமினான், மிடறு குடிக்கிற மாதிரி ஒரு மூச்சை உள்ளே இழுத்தான், பிறகு நீளமாக ஒன்றைப் பள்ளத்தில் இறக்கினான். ஜெனரேட்டரும் குட்டையாக மூன்று உறுமியது. ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. நீளமாக ஒன்று இறக்கியது. விசில் ஒன்றுதான் அதில் இல்லை. அவள் டேப்பை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி வைத்தாள். தாய் பாடத் தொடங்கிய பிறகும் அது பாட்டின் அடியில் படுத்துக்கொண்டு கூடவே வந்தது. பாட்டு பாதி ஓடியபோது ஜெனரேட்டர் எச்சில் விழுங்கியது.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். கொஞ்சம் தள்ளியும் வைத்தாள்.

வேறு ஊர், வேறு வருஷம், கல் உடைக்கிறவர்கள். அதிலும் அதேதான். வேறு ஊர், ஒப்பாரி. அதிலும் பாடுகிறவர்களுக்குப் பின்னால், மைக்குக்குச் சற்றுத் தள்ளி, யாரோ ஒரே ஆள் நின்று உறுமிக்கொண்டிருந்தான்.

முனைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. “அடிக்குரல்! நாடு முழுக்க அடிக்குரல் போட ஒரு ஆள் நின்னிருக்கான், நமக்குத் தெரியவே இல்லை. இது நம்ம மரபும்மா! உன் தம்பி கத்துறது இறக்குமதிச் சரக்கே இல்லை!” என்று, தன் பழைய கொள்கையைச் சட்டை மாற்றுவது போல் மாற்றிக்கொண்டு மேலே ஓடினார்.

வடிகட்டி அந்தத் துண்டைப் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா சன்னலோரம் வழக்கம்போல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, அப்பா ஓட்டின வண்டியில ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“ஜெனரேட்டரா? அதுக்கு எங்கடி இடம்? பேட்டரியை வச்சு ஓட்டுவாங்க. அந்தப் பேட்டரிக்கே மனுசன் காலை மடக்கிட்டு உட்காருவாரு. ஏன்?”

போனை அம்மாவின் காதருகே வைத்தாள். மூன்று குட்டை, ஒரு மிடறு, ஒரு நீளம். அம்மாவின் புருவம் தளர்ந்தது. கண் தானாக மூடியது.

“எப்படி வந்தாரு?” என்றாள் மூடிய கண்ணோடு. “சாப்பிட்டாராமா?”

அவ்வளவுதான். தாலாட்டின் முதல் அடி வருமுன் அம்மா தூங்கிப்போனாள்.

கதவோரம் தம்பி நின்றிருந்தான். தலை துவட்டிய துண்டு இன்னும் கையில் இருந்தது. “யாருக்கா அது?” என்று கேட்டான். இரண்டாவது தடவை கேட்டபோது அவன் குரல் தேய்ந்திருந்தது.

பாட்டு நடக்கிற நேரத்தில் டிரைவருக்கு வேலை இல்லை. உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். அவருடைய குறட்டை மைக்கின் பிடிக்குள் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. தம்பி ஏங்கிக் கேட்ட குரல், பேச்சாக இல்லாவிட்டாலும் மூச்சாக, நூற்றுக்கணக்கான டேப்புகளில் இருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிடித்து, இதுதான் இரைச்சல் என்று காட்டிக்கொடுத்து, மிச்சம் மீதி இல்லாமல் காந்தப் பெட்டிக்குக் கொடுத்தது மகள்.

மறுநாள் அவள் முனைவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் இடிந்து உட்காருவார் என்று நினைத்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“குறட்டையா! ஏம்மா, இந்த நாட்டுல இடைவெளி இல்லாம நடந்து வர்ற ஒரே மரபு தூக்கந்தானே? நிகழ்ச்சியில அப்படியே சொல்லிடுறேன்.” பிறகு சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார். “மிச்சம் எவ்வளவு இருக்கு?”

“அலமாரியில ஒரு தட்டுல கொஞ்சம், சார். இந்த வாரம் காந்தத்துக்குப் போகணும்.”

“உன் தம்பியைக் கூட்டிட்டு வா. நான் எதையும் பார்க்கலை.”

அந்தத் தட்டில் இருந்தவை அப்பாவின் கடைசிப் பயணத்து டேப்புகள். பெட்டி மேல் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கை பின்வாங்கிக்கொள்ளும் என்பதால் அவள் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தவை. தம்பி வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு வந்தான். நிலவறையின் குளிரில் ஒருமுறை தோளைக் குலுக்கிக்கொண்டான். அவள் இரண்டு ஹெட்போன்களை மாட்டி, முதல் டேப்பை ஓட்டினாள்.

அப்பா இருந்தார். தெளிவாக, பக்கத்து இருக்கையில் தூங்குகிற மாதிரி இருந்தார். தம்பி முதலில் சிரித்தான். “என்னக்கா இது, நம்ம அப்பா இவ்வளவு பெரிய மெட்டல் பாடகரா?” என்றான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான், கிரீஸ் கன்னத்தில் கோடு போட்டது. மூன்று டேப்புகளைக் கேட்டார்கள். மூன்றிலும் அப்பா ஊரே பாடினாலும் கவலைப்படாமல் தூங்கினார்.

நாலாவது பெட்டியை அவள் திறக்கவில்லை. “இது வேண்டாம்டா. அந்த மத்தியானம் எடுத்தது. இதுல அப்பா இருக்கமாட்டாரு.”

“தெரியும்.”

“இந்தத் தட்டுலயே உண்மையான வெறும் ஓட்டம் இது ஒண்ணுதான்.”

“இல்லாததையும் ஒரு தடவை கேட்டுடுறேங்க்கா,” என்றான் அவன்.

டேப் சுழன்றது. தலைமைப் பதிவாளரின் குரல், நடுக்கத்தை அடக்கிக்கொண்டு: “யாரும் பேசாதீங்க. ஓடுது.” பிறகு அமைதி. வடிகட்டி தன் வாழ்நாளில் கேட்டவற்றிலேயே சுத்தமான அமைதி அது. தூரத்தில் ஒரு நாய். காற்று. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழுவ வேண்டிய அவசியமே இல்லாத இடம் என்று அவளுடைய தொழில் புத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அடியிலிருந்து அது எழுந்தது.

குட்டையாக மூன்று. ஒரு மிடறு மூச்சு. நீளமாக ஒன்று.

தம்பியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஒரு பெண்குரல் ஒப்பாரியைத் தொடங்கியது. மற்ற டேப்புகளில் பாடுகிறவர்கள் டிரைவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் ஒரு பக்கம் பாடினார்கள், அவர் ஒரு பக்கம் தூங்கினார். இந்தப் பெண் கண்டுகொண்டாள். உறுமல் நீள்கிற இடத்தில் அவளும் நீட்டினாள். அது மூச்சு வாங்குகிற இடத்தில் நிறுத்தி, காத்திருந்து, மறுபடி எடுத்தாள். கூட்டத்தில் ஒருவரும் திகைத்ததாகத் தெரியவில்லை. வண்டிக்குள் போர்வையின் கீழே இருந்தது யார் என்று தெரிந்த பதிவாளர் மட்டும், மைக்குக்கு வெகு அருகில், ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தார்.

“காலையிலேயே போயிட்டாருன்னுதானே சொன்னாங்க?” என்றான் தம்பி.

“அப்படித்தான் சொன்னாங்க.”

“மறுபடி வைக்கா. அந்த நீளமானது முடியற இடம்.”

வைத்தாள். அவன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். உறுமல் பள்ளத்தில் இறங்கி, தேய்ந்து, முடிகிற இடத்தில், ஊசி போல ஒரு விசில்.

தம்பியின் நாக்கு தானாகப் போய் உடைந்த பல்லைத் தொட்டது. அவனுக்கே தெரியாமல் தொட்டது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்குப் பல் உடைஞ்சிருந்துச்சா?”

அவள் போட்டோவை நினைத்துப் பார்த்தாள். இறுக மூடிய வாய். “தெரியலைடா.”

“முன்னாடி மூணு டேப்லயும் விசில் இல்லைக்கா.”

“இல்லை.”

“இது அப்பா மாதிரி இல்லை.” சுழலும் டேப்பைப் பார்த்தான். “நான் அப்போ எங்கே இருந்தேன்?”

“வீட்ல. தொட்டில்ல. உன்னைத் தூங்கவைக்கவே முடியலை அன்னைக்கு. மத்தியானம் மட்டும் தூங்கின. அடிச்சுப் போட்ட மாதிரி.” அந்த வாக்கியம் தன் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

ஒப்பாரி கடைசி அடிக்கு வந்துகொண்டிருந்தது. பெண் குரலைத் தாழ்த்தி, யாருக்கோ இடம் விடுகிற மாதிரி நிறுத்தினாள். தம்பி வாயைத் திறந்தான். அவன் பாடவேண்டும் என்று பாடியதாகத் தோன்றவில்லை. கூப்பிட்டதற்கு ஏன் என்று கேட்கிற மாதிரி, குட்டையாக மூன்று, ஒரு மிடறு, நீளமாக ஒன்று. ஹெட்போனுக்குள் இருந்ததும் வெளியே இருந்ததும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக இறங்கின. இரண்டு விசில் கேட்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் கேட்டது. டேப்பின் வால் சக்கரத்தில் பட்டுப் படபடவென்று அடித்தது.

கணினி, வழக்கம்போல, இரைச்சல் எது என்று காட்டும்படி கேட்டு நின்றது. அவள் ‘ரத்து’ என்பதை அழுத்தினாள். முதல் மூன்று டேப்புகளையும் கழுவாமல் அப்படியே நகல் எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். நாலாவதை நகல் எடுக்க இருவருக்குமே கை வரவில்லை. பாட்டுள்ள டேப் என்றால் காந்தத்துக்குப் போகவேண்டும். அதனால் அவள் அதைப் பெட்டியில் வைத்து, மேலே ‘வெறும் ஓட்டம்’ என்று எழுதித் தட்டின் மூலைக்குத் தள்ளிவிட்டாள். ஒன்றுமில்லாததை அழிக்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை.

முனைவரின் நிகழ்ச்சி ஒரு பிற்பகலில் ஒலிபரப்பானது. மெட்டலுக்கும் மரபுக்கும் உறவில்லை என்று முதல் பாதியிலும், உறவே அதுதான் என்று இரண்டாம் பாதியிலும் சம உற்சாகத்தோடு நிரூபித்தார். அப்பாவின் மூச்சையும் தம்பியின் உறுமலையும் அடுத்தடுத்து வைத்து, இதில் எது இசை என்று கேட்டு, பதில் சொல்லாமல் விட்டார். கேட்டவர்களில் வாய்விட்டு ஏதாவது சொன்னவர் கீழ் வீட்டுக்காரர் ஒருவர்தான். “ரேடியோவுக்கும் தொத்திக்கிச்சே!” என்றார்.

அன்று அந்தியில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“அம்மா, அப்பாவுக்குப் பல்லு எப்படி இருக்கும்?” என்று தம்பி கேட்டான், தட்டைப் பார்த்துக்கொண்டே.

“உங்கப்பா பல்லா? மட்டைத் தேங்காயைப் பல்லாலேயே உரிப்பாரு. கடைசி வரைக்கும் ஒரு சில்லு உதிரலையே. ஏன், உன்னை மாதிரி ஓட்டைப் பல்லுன்னு நினைச்சியா?” அம்மா கை கழுவிவிட்டுச் சன்னலோர நாற்காலிக்குப் போனாள். “ஏன்டி, அந்தக் கடைசி டேப்புன்னு சொன்னியே, அதுல என்ன இருந்துச்சு?”

“இரைச்சல்தாம்மா.”

“எடுத்துட்டியா?”

“இல்லை. விட்டுட்டேன்.”

“நல்லது,” என்றாள் அம்மா.

தம்பி வாயில் கவளத்தோடு, மெல்லவும் மறந்து, அக்காவைப் பார்த்தான். அக்கா குளியலறைக் கதவைப் பார்த்தாள். அது திறந்தே கிடந்தது, உள்ளே யாருமில்லை, குழாயும் மூடியிருந்தது. வீட்டில் யாரும் உறுமவில்லை. சன்னலோரம், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, எதையோ கேட்டுக் கேட்டுக் கண் சொக்கி, அம்மா தூங்கிப்போயிருந்தாள்.